கஷ்டகாலத்தில் கொள்கையைத் தளர்த்த வேண்டி வந்தால்: எதை விடுவது, எவ்வளவு விடுவது, எப்போது நிறுத்துவது

கடன் வாங்கவே மாட்டோம் என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த குடும்பம் ஒரு நாள் வட்டிக்காரர் முன்னால் போய் உட்காரும். பொய் சொன்னால் பிள்ளையைக் கண்டிக்கிற அம்மா, வாடகை கேட்டு வருபவரிடம் "அவர் ஊரில் இல்லை" என்று வாசலிலேயே சொல்லி அனுப்புவார். படிப்புதான் சொத்து என்று சொல்லி வளர்த்த அப்பா, மூத்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்து "இந்த ஒரு வருஷம் மட்டும் வேலைக்குப் போயேன்" என்பார். வேலை போனது, நோய், சம்பாதித்தவர் இறந்தது, போர், வெள்ளம், தொழில் நொடித்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். "நாங்கள் இப்படிப்பட்ட குடும்பம்" என்று இதுநாள்வரை நம்பியிருந்த ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே தீரவேண்டும் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறீர்கள்.

இந்த இடத்துக்கு வந்தவர்களிடம் எல்லோரும் இரண்டே பேச்சுதான் பேசுவார்கள். ஒன்று, உயிரே போனாலும் கொள்கையை விடக்கூடாது என்பது; இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள். இன்னொன்று, வயிறு என்று வந்துவிட்டால் கொள்கையாவது மண்ணாவது என்பது. முதல் பேச்சைக் கேட்டால் வீட்டில் உள்ள சின்னவர்களும் முடியாதவர்களும் அவதிப்படுவார்கள். இரண்டாவதைக் கேட்டால் கஷ்டம் தீர்ந்த பிறகும் வீடு பழைய வீடாகத் திரும்பாது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேறு வழியில்லை என்றால் விட்டுக்கொடுங்கள், ஆனால் கடன் எழுதுவதுபோல எவ்வளவு, எதுவரை, யார் கணக்கில் என்று எழுதிவைத்து விட்டுக்கொடுங்கள். கீழே வருவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

கௌரவத்தை முதலில் தனியே எடுத்து வையுங்கள்

குடும்பத்தில் எல்லோரும் உட்கார்ந்து, நாம் எதையெல்லாம் செய்யமாட்டோம் என்று சொல்லி வந்திருக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடன் வாங்கமாட்டோம், யாரிடமும் கை நீட்டமாட்டோம், இந்த மாதிரி வேலைக்குப் போகமாட்டோம், பொய் சொல்லமாட்டோம், பிள்ளை படிப்பில் கை வைக்கமாட்டோம், வயதானவர்களை வெளியே எங்கும் விடமாட்டோம், அடுத்தவர் பணத்தைத் தொடமாட்டோம். இப்படி வரும். எழுதி முடித்த பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே கேள்வியைப் போடுங்கள்: இதை மீறினால் யாருக்கு என்ன கெடுதல்?

பதில் "நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்று மட்டும் வந்தால் அது கௌரவம். "எங்களுக்குப் பிடிக்காது, பழக்கமில்லை" என்று வந்தால் அது விருப்பம். "இன்னொருவருக்கு நஷ்டம், ஆபத்து, துரோகம்" என்று வந்தால் அதுதான் அறம் என்று சொல்லத்தக்கது. தாளில் இருப்பவற்றில் பாதிக்குமேல் முதல் இரண்டு வகையில் போய் விழுவதைப் பார்த்துச் சிலருக்குக் கோபம்கூட வரும். வரட்டும், பரவாயில்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கஷ்டம் வந்ததும் குடும்பங்கள் பெரும்பாலும் வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கின்றன. கௌரவத்தைக் காப்பாற்ற அறத்தை விற்கிறார்கள். வேலை போனது தெரியக்கூடாது என்பதற்காக, தினமும் காலையில் உடுத்திக்கொண்டு வெளியே போகிறவர் வீட்டில் இருப்பவர்களிடமே மாதக்கணக்கில் பொய் சொல்கிறார், அந்தப் பொய்க்குச் சம்பளம் காட்டவேண்டும் என்பதற்காகக் கடன் வாங்குகிறார், அந்தக் கடனுக்கு நண்பர் ஒருவரை ஜாமீன் போடவைக்கிறார். கடைசியில் நண்பர் மாட்டிக்கொள்கிறார். எங்கே தொடங்கியது என்று பின்னால் போய்ப் பார்த்தால், "வேலை போய்விட்டது" என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லக் கூசியதில்தான் தொடங்கியிருக்கும்.

அதனால் முதலில் கைவைக்க வேண்டியது கௌரவக் கணக்கில். சின்ன வீட்டுக்கு மாறுவது, வண்டியை விற்பது, கீழான வேலை என்று நினைத்திருந்ததைச் செய்வது, பள்ளியில் போய்க் கட்டணத்துக்கு அவகாசம் கேட்பது, அரசோ தொண்டு அமைப்போ தரும் உதவிக்கு வரிசையில் நிற்பது, கூடப்பிறந்தவர்களிடம் வாய்விட்டுக் கேட்பது. இவற்றில் எதிலும் யாருக்கும் கெடுதல் இல்லை. முகம் சுருங்கும், ஒன்றிரண்டு பேர் கதை பேசுவார்கள், அவ்வளவுதான். இதில் ஒரு நடைமுறை விஷயம்: தவணை தவறிய பிறகு போய் நிற்பதைவிட, தவறப்போகிறது என்று முன்கூட்டியே போய்ச் சொன்னால் பேசுவதற்கு இடம் அதிகம் கிடைக்கும். வாடகையாக இருந்தாலும் சரி, வங்கியாக இருந்தாலும் சரி. ஒளிந்துகொள்பவரிடம்தான் எல்லோரும் கடுமையாக நடந்துகொள்கிறார்கள்.

உண்மையிலேயே வேறு வழி இல்லையா

"வேறு வழியில்லை" என்ற வாக்கியம் உண்மையாகவும் இருக்கலாம், களைப்பாகவும் இருக்கலாம். இரண்டும் உள்ளே ஒரே மாதிரிதான் உணரப்படும், அதனால்தான் சோதித்துப் பார்க்கவேண்டும். 2013ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில் கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்பு, கையில் காசில்லாத சமயத்தில், சில அறிவுத்திறன் சோதனைகள் வைத்தார்கள். அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு அதே விவசாயிகளுக்கு மறுபடி வைத்தார்கள். ஆள் அதேதான், ஆனால் பணமுடையில் இருந்தபோது சோதனைகளில் தடுமாற்றம் கூடுதலாக இருந்தது. முட்டாள்தனம் என்று இதற்குப் பொருள் இல்லை. மனசு முழுக்க அடுத்த வாரச் செலவு நிறைந்திருக்கும்போது மற்றதை யோசிக்க இடம் குறைகிறது. அப்படிப்பட்ட தலையோடுதான் நாம் வாழ்க்கையின் பெரிய முடிவுகளை எடுக்கிறோம், அதுவும் ராத்திரி பதினொரு மணிக்கு, சண்டைக்கு நடுவில்.

எனவே சில எளிய ஏற்பாடுகள். முடிவை ராத்திரியில் எடுக்காதீர்கள், காலையில் எடுங்கள். வேறு வழியில்லை என்று சொல்லும்போது, "இதை முயன்றோம், இதனால் முடியவில்லை" என்று குறைந்தது மூன்று வழிகளைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். மூன்று வரவில்லை என்றால் இன்னும் தேடவேண்டியது பாக்கி இருக்கிறது. வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் கேளுங்கள், ஆனால் உங்கள் முடிவால் லாபம் அடையாத ஒருவரிடம். வட்டிக்காரரிடம் யோசனை கேட்பதும், ஆள் எடுக்கிற தரகரிடம் யோசனை கேட்பதும் யோசனையில் சேராது.

அவசரப்படுத்துபவரைக் கண்டால் சந்தேகப்படுங்கள். "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான்", "வெளியில் யாரிடமும் சொல்லாதே", "அசல் சான்றிதழை என்னிடம் கொடுத்துவை" இந்த மூன்றில் ஒன்று காதில் விழுந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். நெருக்கடியில் இருக்கும் குடும்பத்தைத் தேடி வரும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு உங்கள் நிலைமை உங்களைவிட நன்றாகத் தெரியும்.

தேவையின் அளவுக்கு மேல் ஒரு பிடிகூட வேண்டாம்

சாந்தோக்கிய உபநிடதத்தில் உஷஸ்தி சாக்ராயணர் என்றொருவர் வருகிறார். பயிர் அழிந்து பஞ்சம் வந்த காலம். யானை வைத்திருக்கும் ஒருவர் பயறு தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து இவர் கேட்கிறார். என் தட்டில் இருப்பதைத் தவிர வேறு இல்லையே என்கிறார் அவர். அதையே கொடு என்று வாங்கிச் சாப்பிடுகிறார், எச்சில் சாப்பிடக்கூடாது என்ற விதி இருந்தும். சாப்பிட்டதும், தண்ணீரும் குடியுங்கள் என்று நீட்டுகிறார் யானைக்காரர். வேண்டாம், அது எச்சில் தண்ணீர் என்கிறார் உஷஸ்தி. அப்போது இந்தப் பயறு மட்டும் எச்சில் இல்லையா என்று அவர் கேட்க, அதைச் சாப்பிடாவிட்டால் நான் செத்திருப்பேன், தண்ணீர் எனக்கு வேண்டிய இடத்தில் கிடைக்கும் என்கிறார்.

அவர் காப்பாற்ற நினைத்த விதி சரியா தவறா என்பது இங்கே கேள்வி இல்லை. அவர் கோடு போட்ட இடத்தைக் கவனியுங்கள். ஒரு தடவை விதியை மீறியாகிவிட்டது, இனி எல்லாம் ஒன்றுதான் என்று அவர் போகவில்லை. எதற்குத் தேவை இருந்ததோ அதில் மட்டும் மீறினார், அடுத்ததிலேயே நிறுத்திக்கொண்டார்.

இது ஒரு மரபில் மட்டும் இருக்கும் யோசனையும் இல்லை. குர்ஆனின் 2:173 வசனம், விலக்கப்பட்ட உணவைக்கூட நிர்ப்பந்தத்தில் உண்பவர்மீது குற்றமில்லை என்கிறது, ஆனால் அவர் விரும்பிச் செய்யாதவராகவும் வரம்பு மீறாதவராகவும் இருக்கவேண்டும். நிர்ப்பந்தம் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டுமே சலுகை என்று இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இதை விதியாகவே வகுத்தார்கள். யூத மரபில் ஓர் உயிரைக் காப்பாற்ற ஓய்வுநாள் விதிகள் உட்பட ஏறத்தாழ எதையும் மீறலாம். கொலை, உருவ வழிபாடு, தகாத உறவு என்று மூன்றை மட்டும் உயிரே போனாலும் கூடாது என்று வைத்தார்கள். 2016ல் இத்தாலியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், பசிக்காகக் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் இறைச்சியும் எடுத்த வீடற்ற ஒருவரின் வழக்கில், உடனடித் தேவைக்குச் சிறிதளவு உணவை எடுத்தது குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. இவை எல்லாவற்றிலும் ஒரே மூன்று கேள்வி ஓடுகிறது: தேவை உண்மையா, எடுத்தது தேவை அளவுதானா, தேவை தீர்ந்ததும் நிறுத்தினீர்களா. பெரிய தத்துவம் படிக்காத குடும்பமும் இந்த மூன்றைக் கேட்டுக்கொள்ளலாம்.

வாடகைக்குக் கடன் வாங்கினால் வாடகைக்கு மட்டும் வாங்குங்கள், "வாங்கினதோடு வாங்கினோம்" என்று புது போனுக்கும் சேர்த்து வாங்காதீர்கள். சொல்லிப் பார்த்தால் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் வீடுகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த "அதோடு இதுவும்" என்ற இடத்தில்தான்.

சுமை யார் தலையில்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். "நாங்கள் விட்டுக்கொடுத்தோம்" என்று குடும்பங்கள் சொல்லும். உட்கார்ந்து பார்த்தால் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு ஆளாக இருக்கும். மூத்த பிள்ளை, அல்லது பெண் பிள்ளை, அல்லது எதிர்த்துப் பேசத் தெரியாத மருமகள், அல்லது மருந்தை நிறுத்திக்கொண்ட பாட்டி. யார் வாய் திறக்கமாட்டாரோ அவரிடமிருந்துதான் முதலில் எடுக்கப்படுகிறது, இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவதுபோல் நடந்துவிடுகிறது.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: யார் தலையில் சுமை விழப்போகிறதோ அவர் இல்லாமல் பேச்சு நடக்கக்கூடாது. அவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடக்கூடாது. "உனக்குச் சம்மதம்தானே" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. தனியாகக் கேளுங்கள், ஒரு நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை. உலகத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி 2024ல் உலகம் முழுக்க 13.8 கோடிக் குழந்தைகள் குழந்தைத் தொழிலாளர்களாக இருந்தார்கள், அவர்களில் ஏறத்தாழ 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலைகளில். அவர்களில் எத்தனையோ பேரின் பெற்றோரும் "ஒரு வருஷம் மட்டும்" என்றுதான் தொடங்கியிருப்பார்கள். உலகத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு ஒப்பந்தம் வேலைக்குச் சேர்க்கக் குறைந்தபட்ச வயது பொதுவாக 15 என்கிறது. படிப்பைக் கெடுக்காத இலகுவான வேலைக்கு 13. ஆபத்தான வேலைக்கு 18. வளரும் நாடுகளுக்குச் சில தளர்வுகள் உண்டு, உங்கள் நாட்டுச் சட்டம் என்ன என்று தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி வேலைக்குப் போகும் வயது வந்த பிள்ளை உதவிக்கு வந்தே ஆகவேண்டும் என்றால் படிப்பைத் துண்டிக்காமல் எப்படி என்று பாருங்கள். பள்ளியில் "நிறுத்துகிறோம்" என்று ஒருபோதும் முதலில் சொல்லாதீர்கள். நிலைமையைச் சொல்லி, பேர் நீங்காமல் இருக்க என்ன வழி, கட்டணத்துக்கு அவகாசம் உண்டா, தனித்தேர்வராக எழுதமுடியுமா என்று கேளுங்கள். சான்றிதழ்களை வீட்டில் பத்திரமாக வையுங்கள். வேலை வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று எண்ணிக்கை சொல்லி முடிவு செய்யுங்கள், "கொஞ்ச நேரம்" என்பது நீண்டுகொண்டே போகும். பிள்ளை சம்பாதிப்பதில் ஒரு சிறு பங்கு பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும்.

சுமையைச் சுற்றிக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆறு மாதம் ஒருவர், அடுத்த ஆறு மாதம் இன்னொருவர். எல்லாவற்றையும் சுற்ற முடியாது, உண்மைதான். ஆனால் ஒருவரே எப்போதும் கொடுப்பவராகிவிட்டால் கஷ்டம் தீர்ந்தபிறகு அவர் அந்த வீட்டில் விருந்தாளிபோல ஆகிவிடுவார்.

தொடக்கூடாதவை

கஷ்டம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சில முடிவுகளைப் பேச்சுக்கே எடுக்காமல் வைத்துவிடுவது நல்லது. இதற்கு நான் பார்ப்பது இரண்டு: திரும்ப முடியாதது, அதோடு சம்மதம் சொல்லமுடியாத இன்னொருவர் தலையில் விழுவது. இரண்டும் சேர்ந்தால் கூடாது. பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்து ஒரு வாயைக் குறைப்பது, பிள்ளையை முன்பணம் வாங்கிக்கொண்டு தெரியாத இடத்துக்கு வேலைக்கு அனுப்புவது, வீட்டில் ஒருவருடைய கையெழுத்தை அவருக்குத் தெரியாமல் போடுவது, சொத்தைப் பெரியவர்களுக்குப் புரியாமல் எழுதி வாங்குவது, விற்கிற பொருளில் உடம்புக்குக் கெடுதலானதைக் கலப்பது. குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களைத் தடைசெய்யும் 1999ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை 2020ல் உலகத் தொழிலாளர் அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் ஏற்றுவிட்டன. கொத்தடிமை வேலை அதில் வருகிறது. இத்தனை நாடுகளும் ஒருசேர ஒத்துக்கொள்கிற விஷயங்கள் அபூர்வம், இது அதில் ஒன்று.

இந்தப் பட்டியலைக் கஷ்டம் முற்றுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துவரை வந்தபிறகு எழுதுகிற பட்டியல் சுருங்கித்தான் போகும்.

கடன், பொய், மனசுக்கு ஒவ்வாத வேலை

அதிகம் வருகிற மூன்று இவை, அதனால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம்.

கடனில் பேசவேண்டியது வட்டி மாதக் கணக்கா வருடக் கணக்கா என்பது. மாதம் 5 சதவீதம் என்று சொன்னால் ஏதோ சின்ன எண் மாதிரி கேட்கும். அசலோடு வட்டியும் சேர்ந்துகொண்டே போனால் ஒரு வருடத்தில் அது 80 சதவீதத்தைத் தொடும். மாதம் 10 சதவீதம் என்றால் ஒரே வருடத்தில் கடன் மூன்று மடங்குக்கு மேல். வெற்றுத்தாளிலோ தொகை எழுதாத காசோலையிலோ கையெழுத்துப் போடாதீர்கள், கட்டியதற்கெல்லாம் ரசீது வாங்குங்கள், போனில் உள்ள எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும் கடன் ஆப்களைத் தொடாதீர்கள், அவர்கள் வசூலுக்கு உங்கள் உறவினர்களையும் நண்பர்களையும்தான் பயன்படுத்துவார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று வந்தால், புதுக்கடனின் வட்டி பழையதைவிடக் குறைவு என்றால் மட்டும் யோசிக்கலாம். மற்றபடி அது தள்ளிப்போடுவதுதான்.

பொய்யில் என் அனுபவப் பார்வை இது: சொல்லாமல் இருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கிறது, முதலில் அதைப் பயன்படுத்துங்கள். "வீட்டு விஷயம், இப்போது பேச விரும்பவில்லை" என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. கடன்காரரிடம் "அடுத்த வாரம் தருகிறேன்" என்பதைவிட "இப்போது இல்லை, இந்தத் தேதிக்குமேல் இவ்வளவு தரமுடியும்" என்பது கடினம், ஆனால் அதைத் திரும்பத் திரும்பக் காப்பாற்ற வேண்டியதில்லை. பொய்யைத் தினமும் பராமரிக்க வேண்டும். அதைவிட முக்கியம், பொய்க்குப் பிள்ளையை ஆளாக அனுப்பாதீர்கள். "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்று ஏழு வயதுப் பிள்ளையை வாசலுக்கு அனுப்புவது எத்தனை வீடுகளில் நடக்கிறது. அப்பா உள்ளேதான் இருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும், வெளியே நிற்பவருக்கும் பெரும்பாலும் தெரியும்.

வேலை என்றால், வேலையையும் வேலைக்குள் இருக்கும் செயல்களையும் பிரித்துப் பாருங்கள். கடன் வசூல் அலுவலகத்தில் கணக்கு எழுதலாம், மிரட்டும் போன் மட்டும் பேசமாட்டேன் என்று முடிவெடுக்கலாம். மதுக்கடையில் வேலை பார்க்கலாம், வயது குறைந்தவர்களுக்கு எடுத்துக்கொடுக்க மாட்டேன் என்று இருக்கலாம். எல்லா இடத்திலும் இது நடக்காது, சில இடத்தில் வேலையே போகும், அதுவும் தெரிந்ததுதான். ஆனால் உள்ளே நுழையும்போதே எந்தச் செயலில் நிற்பேன் என்று தெரிந்தவருக்கும், போகப் போகப் பார்க்கலாம் என்று போனவருக்கும் ஒரு வருடம் கழித்து வித்தியாசம் தெரியும். முதல் சம்பளத்திலிருந்தே வெளியே வருவதற்கென்று ஒரு தொகையை, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், ஒதுக்க ஆரம்பியுங்கள்.

எழுதி வைக்கச் சொல்வது ஏன்

1959ல் ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்களைப் படு சலிப்பான ஒரு வேலையைச் செய்யவைத்து, அடுத்து வருபவரிடம் "சுவாரசியமாக இருந்தது" என்று பொய் சொல்லச் சொன்னார்கள். சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். பிறகு, உண்மையில் வேலை எப்படி இருந்தது என்று கேட்டபோது, 20 டாலர் வாங்கியவர்களைவிட 1 டாலர் வாங்கியவர்கள்தான் நன்றாக இருந்தது என்று அதிகம் சொன்னார்கள். பணம் அதிகம் வாங்கியவருக்குத் தான் ஏன் பொய் சொன்னோம் என்பதற்குக் காரணம் கையில் இருந்தது. குறைவாக வாங்கியவருக்கு அது இல்லை, அதனால் மனசு தன் கருத்தையே மாற்றிக்கொண்டது.

வீட்டிலும் நடப்பது இதுதான். கொள்கைக்கு எதிராக ஒன்றைச் செய்கிறோம், அது உறுத்துகிறது, உறுத்தல் தாங்காமல் கொள்கையை மாற்றிவிடுகிறோம். "படிப்பெல்லாம் பெரிசா என்ன, படிச்சவன் எல்லாம் என்ன கிழிச்சிட்டான்" என்று அதே அப்பா இரண்டு வருடத்தில் பேச ஆரம்பிப்பார். அவர் கெட்டவர் ஆகவில்லை, உறுத்தலோடு வாழமுடியவில்லை, அவ்வளவுதான். செய்ததற்கான காரணத்தை அன்றைக்கே எழுதி வைத்துவிட்டால் மனசுக்கு அந்தக் குறுக்குவழி கொஞ்சம் அடைபடும்.

நாலு வரி போதும். இந்த மாதிரி:

"படிப்பை நிறுத்தக்கூடாது என்பதுதான் எங்கள் கொள்கை, இன்றும் அதுதான். அப்பாவின் சிகிச்சைக்காக மூத்தவன் இந்தப் பருவம் பகுதிநேர வேலைக்குப் போகிறான், வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் இல்லை. அடுத்த பருவத் தொடக்கத்தில் மறுபடி உட்கார்ந்து பார்ப்போம். அவனுக்குத் திருப்பிச் செய்யவேண்டியது எங்கள் பொறுப்பு."

தேதி போடுங்கள், எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சிரிப்பாக இருந்தாலும் போடுங்கள். தேதி வரும்போது நிலைமை மாறாமல் இருக்கலாம், அப்போது புதிதாக நாலு வரி எழுதி நீட்டிக்கொள்ளலாம். தானாக நீள விடுவதுதான் ஆபத்து.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது

மறைத்தால் தெரியாது என்று நினைக்காதீர்கள். பெரியவர்கள் குரலைத் தாழ்த்தினாலே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், தெரியாத மிச்சத்தை அவர்களே கற்பனையில் நிரப்பிக்கொள்வார்கள், அது நிஜத்தைவிடப் பயங்கரமாக இருக்கும். சின்னவர்களுக்கு, "பணம் குறைவாக இருக்கிறது, பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறோம், இது உன்னால் வந்ததில்லை" என்ற மூன்றும் போதும். கொஞ்சம் வளர்ந்தவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள்: இது நம் வழக்கத்துக்கு மாறானது, தெரிந்துதான் செய்கிறோம், காரணம் இது, இதுவரைக்கும்தான். "இதில் ஒன்றும் தப்பில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். நேற்றுவரை தப்பு என்றீர்களே என்று அவர்கள் வாயால் கேட்காவிட்டாலும் மனதுக்குள் கேட்பார்கள்.

பதின்ம வயதுப் பிள்ளை கோபப்பட்டு "நீங்களே இப்படிச் செய்யலாமா" என்று கேட்டால் அடக்காதீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அது இன்னும் மறக்கவில்லை.

கஷ்டம் தணிந்த பிறகு

திரும்புவது தானாக நடக்காது. நெருக்கடியில் பிடித்த வழி வசதியாகவும் இருந்துவிடும், அதனால் பணம் வந்தபிறகும் அது தொடரும். எழுதிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். யாருக்காவது நஷ்டம் செய்திருந்தால் தொகையைத் திருப்பிக் கொடுங்கள், ஒரே தடவையில் முடியாவிட்டால் பகுதி பகுதியாக. பொய் சொல்லியிருந்தால், சொன்னவரிடமே போய், நீட்டாமல், சாக்குச் சொல்லாமல் சொல்லிவிடுங்கள். சிலர் மன்னிக்கமாட்டார்கள், அது அவர்கள் உரிமை.

வீட்டுக்குள் "உன்னால்தான் இந்த நிலைமை வந்தது" என்ற பேச்சு இந்தக் கட்டத்தில்தான் கிளம்பும், கஷ்டத்தின்போது பேச நேரமிருக்காது. கணக்குப் பார்ப்பதற்கென்று ஒரு நாளைத் தனியே வைத்து, அன்றைக்கு எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடுவது, வருடக்கணக்கில் சாப்பாட்டு நேரத்தில் குத்திக் குத்திப் பேசுவதைவிட எவ்வளவோ மேல். மனசு விடாமல் அரித்துக்கொண்டே இருந்தால், தூக்கம் கெட்டால், மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்ப்பதில் தயங்கவேண்டாம்.

அப்புறம், முதலில் மிஞ்சுகிற பணம் யாருக்கு என்பது. சுமையைத் தாங்கியவருக்குத்தான் அது போகவேண்டும், வீட்டுக்கு வெள்ளையடிப்பதெல்லாம் பிறகு. மூத்தவனிடம் கேளுங்கள், உனக்கு என்ன வேண்டும் என்று. மறுபடி படிக்கப் போகிறேன் என்று சொல்வான் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம், அவன் வேறு ஏதாவது கேட்கலாம், தொழில் தொடங்கப் பணம் கேட்கலாம், ஒன்றும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் செய்யலாம். எதைச் சொன்னாலும் உடனே சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்லாமல், அவன் பெயருக்கு நேராக அந்தத் தொகையை எழுதி, சில மாதம் கழித்து மறுபடி கேளுங்கள்.